நிரல் எழுதும் வேகம் வேறு, வேலை முடியும் வேகம் வேறு

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டால் மென்பொருள் வேலை சீக்கிரம் முடியுமா? இந்தக் கேள்விக்கு இரண்டு ஆய்வுகள் நேரெதிரான பதில் சொல்லியிருக்கின்றன.

நிரல் வரிகளை எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட் என்ற கருவியை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் கட்டுரையாக வந்தது. 95 நிரலாளர்களைச் சேர்த்து, ஜாவாஸ்கிரிப்டில் இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் சிறிய எச்டிடிபி சர்வர் ஒன்றை எழுதச் சொன்னார்கள். கருவி கையில் இருந்தவர்கள் சராசரியாக 1 மணி 11 நிமிடத்தில் முடித்தார்கள். இல்லாதவர்களுக்கு 2 மணி 41 நிமிடம் பிடித்தது. அடுத்தது, 2025 ஜூலையில் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு வெளியிட்டது. அனுபவமுள்ள 16 திறமூல (open source) நிரலாளர்கள், தாங்கள் பல வருடங்களாகப் பராமரித்துவரும் புராஜெக்ட்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்த அனுமதி இருந்த வேலைகள் 19% கூடுதல் நேரம் எடுத்தன. தொடங்கும் முன் அவர்கள் 24% நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். முடிந்த பிறகும், 20% மிச்சமானதாகவே நினைத்தார்கள்.

இந்த இரண்டாவது முடிவில்தான் பலர் குழம்பிப்போனார்கள். கருவி உதவுமா, உதவாதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அதற்கு முன் வேறொரு கேள்வி இருக்கிறது: மென்பொருள் வேலையில் நேரம் உண்மையில் எங்கே போகிறது?

அடிப்படை: எல்லாமே ஒரு சுற்றுதான்

நிரல் எழுதுகிற யாருடைய வேலையும் ஒரே சுற்றில்தான் ஓடுகிறது. கோடில் (code), அதாவது நிரல் வரிகளில், ஒரு மாற்றம் செய்கிறோம். அதை ஓடக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம். இதைத்தான் பில்ட் என்கிறோம். ஓட்டிப் பார்க்கிறோம். வந்த பதிலைப் படித்துப் புரிந்துகொண்டு அடுத்த மாற்றத்துக்குப் போகிறோம்.

இந்தச் சுற்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அளவுகளில் இருக்கிறது. எழுதும்போதே எடிட்டர் சிவப்புக் கோடு போட்டுத் தவற்றைக் காட்டுவது விநாடிக் கணக்கு. பில்டும், நிரல் சரியாக நடக்கிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்டும் நிமிடக் கணக்கு. சக நிரலாளர் ஒருவர் மாற்றத்தைப் படித்து ஒப்புதல் தருவது, அதாவது ரிவ்யூ, மணிக் கணக்கு. சில இடங்களில் நாள் கணக்கு. பயனரின் கைக்குப் போய் அவர் “இது சரியாக இல்லை” என்று சொல்வது வாரக் கணக்கு.

நான்கிலும் நடப்பது ஒன்றே. நாம் ஒரு கேள்வி கேட்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். வேலை முடியும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் காத்திருப்புதான். விரல்களின் வேகத்துக்கு அதில் பங்கு குறைவு.

எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். கணினித் துறையில் ஜீன் ஆம்டால் 1967-ல் முன்வைத்த வாதம் ஒன்று ஆம்டால் விதி என்று பெயர் பெற்றது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மீதிப் பகுதி மொத்த ஆதாயத்துக்கு வரம்பு போட்டுவிடும் என்பதே அதன் சாரம். ஒருவரின் நேரத்தில் 20% மட்டும் கோடைத் தட்டச்சு செய்வதில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 20 சதவீதத்தை முழுசாகவே பூஜ்யம் ஆக்கினாலும் 100 நிமிட வேலை 80 நிமிடத்தில் முடியும். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் குறையாது. மீதி 80 நிமிடத்தைத் தொட வேண்டுமானால் வேறு இடத்தில் கை வைக்க வேண்டும்.

காத்திருப்பு நீளும்போது வேலை செய்யும் விதமே மாறிவிடுகிறது

மனிதர் கணினி முன் எவ்வளவு நேரம் பொறுமையாக இருப்பார் என்பது பழைய ஆராய்ச்சி. ராபர்ட் மில்லர் 1968-லேயே இதைப் பற்றி எழுதினார். ஜேக்கப் நீல்சன் 1993-ல் அதை மூன்று எல்லைகளாகச் சொன்னார்: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததுபோல் இருக்கும். 1 விநாடிக்குள் வந்தால் தாமதம் தெரியும், ஆனால் யோசனை அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும்.

ஐபிஎம்மில் வால்டர் டோஹர்ட்டியும் அர்விந்த் தடானியும் 1982-ல் இன்னொன்றைக் கவனித்தார்கள். கணினியின் பதில் நேரம் குறையும்போது, பயனர் அடுத்த கட்டளைக்கு எடுத்துக்கொள்ளும் யோசனை நேரமும் சேர்ந்தே குறைகிறது. ஒரு விநாடியை மிச்சம் பிடித்தால் ஒரு விநாடிக்கு மேல் மிச்சமாகிறது.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பில்ட் 3 நிமிடம். ஒரு நாளைக்கு 20 முறை. காகிதத்தில் இது 1 மணி நேர இழப்பு. ஆனால் அந்த 3 நிமிடமும் யாரும் திரையை வெறித்துக்கொண்டு இருப்பதில்லை. மெயிலைத் திறப்போம், செல்பேசியை எடுப்போம். பில்ட் முடிந்து 5 நிமிடம் கழித்துத்தான் திரும்பி வருவோம். அப்புறம் “நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்?” என்று நினைவைத் தேடிப் பிடிக்க இன்னும் கொஞ்ச நேரம்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. பில்ட் மெதுவாக இருந்தால், அதை அடிக்கடி ஓட்ட மனம் வராது. ஒரு மாற்றம் செய்து பார்க்க வேண்டிய இடத்தில் ஆறு மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டு ஒரே முறை ஓட்டுவோம். ஏதோ ஒன்று உடைந்திருக்கும். ஆறில் எது உடைத்தது என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்க மறுபடியும் அதே மெதுவான பில்டைத்தான் பல முறை ஓட்ட வேண்டும். மெதுவான சுற்று பெரிய மாற்றங்களை வளர்க்கிறது. பெரிய மாற்றங்கள் சுற்றை இன்னும் மெதுவாக்குகின்றன. வேலைத்திறன் பற்றிய பேச்சில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தச் சங்கிலியைத்தான். கீழே சொல்லப்போகும் எல்லாமே இதை எங்கே அறுப்பது என்பதைப் பற்றியவை.

பில்ட் ஏன் தாமதமாகிறது?

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக் என்ற கருவியை எழுதினார். அதன் யோசனை எளிமையானது. எந்தக் கோப்பு எந்தக் கோப்பை நம்பி இருக்கிறது என்று ஒரு பட்டியல் கொடுத்துவிட வேண்டும். மூலக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும், அதிலிருந்து உருவான கோப்பின் நேரத்தையும் மேக் ஒப்பிடும். மூலம் புதியதாக இருந்தால் மட்டும் அதை மறுபடி உருவாக்கும். மற்றவற்றைத் தொடாது. மாறியதை மட்டும் மறுபடி செய் என்ற இந்தக் கொள்கை இன்றுவரை எல்லா பில்ட் கருவிகளுக்கும் அடித்தளம்.

நடைமுறையில் இது உடைவது மூன்று இடங்களில்.

1. பட்டியல் பொய் சொல்வது. ஒரு கோப்பு இன்னொன்றை நம்பி இருக்கிறது, ஆனால் பட்டியலில் இல்லை. அந்தக் கோப்பை மாற்றினால் பில்ட் எதையும் கண்டுகொள்ளாது. பழைய கோடே ஓடும். இப்படி இரண்டு முறை ஏமாந்தவர்கள், அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பில்ட் செய்யப் பழகிவிடுகிறார்கள். பில்டின் மேல் நம்பிக்கை போனால் அதன் வேகமும் போய்விடுகிறது.

2. நேரத்தை மட்டும் பார்ப்பது. கோப்பின் உள்ளடக்கம் மாறாமல் நேரம் மட்டும் மாறுவது சகஜம். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் ஒரு பிராஞ்சிலிருந்து, அதாவது கோடின் ஒரு கிளையிலிருந்து, இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினாலே போதும். சிகேஷ் (ccache), பேசல் (Bazel) போன்ற பில்ட் கருவிகள் நேரத்தை நம்புவதில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஹேஷ் என்ற கைரேகை மாதிரியான ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அதே எண்ணுக்கு முன்பே முடிவு இருந்தால் அதை எடுத்துத் தருகின்றன. பேசல் மாதிரியான கருவிகளில் இந்த முடிவுகளைக் குழு முழுவதும் பகிர்ந்துகொள்ளவும் முடியும். காலையில் ஒருவர் செய்த பில்டை மற்றவர்கள் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

3. எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடப்பது. சி++ நிரல்களில் பொதுவான அறிவிப்புகள் உள்ள ஒரு ஹெடர் கோப்பை நூற்றுக்கணக்கான கோப்புகள் உள்ளே இழுத்திருக்கும். அதில் ஒரு வரியைத் தொட்டால் அத்தனையும் மறுபடி கம்பைல் ஆகும், அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றப்படும். இதைக் கருவியால் தீர்க்க முடியாது. கோடின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்றாவது காரணம் எவ்வளவு தீவிரமானது என்பதற்கு கோ (Go) என்ற நிரல் மொழியே சாட்சி. 2007-ல் கூகுளில் ஒரு பெரிய சி++ நிரல் கம்பைல் ஆகக் காத்திருந்த நேரத்தில்தான் புது மொழி பற்றிய பேச்சு தொடங்கியது என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் பேசியிருக்கிறார். அந்த பில்டுக்கு 45 நிமிடம் ஆகுமாம். அதனால்தான் கோ மொழியில் இரண்டு பேக்கேஜ்கள் (கோடின் தொகுதிகள்) ஒன்றையொன்று சுற்றி நம்பி இருக்க முடியாது. பயன்படுத்தாத ஒரு பேக்கேஜை இம்போர்ட் செய்தால் கம்பைலரே பிழை என்று நிறுத்திவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது அநாவசியக் கண்டிப்பாகத் தெரியும். பின்னிக் கிடக்கும் இழைகளை முதல் நாளிலேயே வெட்டிவிடுவதற்கான ஏற்பாடு அது.

நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டும் டாக்கரில் இதே கொள்கையை மிகச் சின்ன அளவில் பார்க்கலாம். அந்தப் பொதி, அதாவது டாக்கர் இமேஜ், அடுக்கடுக்காக உருவாவது. அதைக் கட்டும் செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைலில் ஏறத்தாழ ஒவ்வொரு கட்டளையும் ஓர் அடுக்கு. ஓர் அடுக்கு மாறினால் அதற்குப் பிறகு வரும் எல்லா அடுக்குகளும் மறுபடி உருவாகும். பலரின் டாக்கர்ஃபைல் இப்படி இருக்கும்: முதலில் புராஜெக்ட் முழுவதையும் உள்ளே காப்பி செய்; பிறகு தேவையான லைப்ரரிகளை (பிறர் எழுதிவைத்த கோடு) இன்ஸ்டால் செய். இதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் முதல் அடுக்கு மாறிவிடும், அத்தனை லைப்ரரிகளும் மறுபடி இறங்கும். வரிசையை மாற்றிப் பாருங்கள். லைப்ரரிகளின் பட்டியல் கோப்பை மட்டும் முதலில் காப்பி செய்து, இன்ஸ்டால் செய்து, அதற்குப் பிறகு கோடை காப்பி செய்ய வேண்டும். இப்போது கோடை எத்தனை முறை திருத்தினாலும் இன்ஸ்டால் அடுக்கு அப்படியே இருக்கும். ஒரு வரி கூடுதல், இடம் மாற்றம், அவ்வளவுதான். எதை அடிக்கடி மாற்றுகிறோமோ அது கடைசியில் வர வேண்டும்.

டெஸ்ட்: வேகத்தைவிட நம்பகம் முக்கியம்

எல்லா டெஸ்டையும் ஒவ்வொரு முறையும் ஓட்டத் தேவையில்லை. மாற்றிய கோப்போடு தொடர்புள்ளவற்றை முதலில், மீதியைப் பிறகு என்று பிரித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். டேட்டாபேஸ், நெட்வொர்க் என்று வெளியே போகும் டெஸ்ட்களைத் தனியாக வைத்தால் மற்றவை சில விநாடிகளில் முடியும். இது பலருக்கும் தெரிந்ததுதான்.

அதிகம் பேசப்படாதது நிலையில்லாத டெஸ்ட் பற்றி. கோடில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு முறை தேறும், ஒரு முறை தோற்கும் டெஸ்டை ஃப்ளேக்கி டெஸ்ட் என்பார்கள். நேரத்தை நம்பி எழுதியது, டெஸ்ட்கள் ஓடும் வரிசையை நம்பி எழுதியது, ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு திரெட்கள் போட்டி போடுவது என்று காரணங்கள் பல. ஆயிரத்தில் ஒரு முறை தோற்றால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். அப்படிப்பட்ட டெஸ்ட்கள் 1,000 இருந்தால், எல்லாமே ஒரே ஓட்டத்தில் தேறுவதற்கான வாய்ப்பு 0.999-ஐ ஆயிரம் முறை பெருக்கினால் கிடைக்கும் எண். அது சுமார் 37%. கோடில் ஒரு குறையும் இல்லாத நிலையில், மூன்றில் இரண்டு ஓட்டங்கள் சிவப்பாக முடியும்.

அப்புறம் என்ன நடக்கும்? “இன்னொரு முறை ஓட்டு, சரியாகிவிடும்” என்ற பழக்கம் வரும். ஒரு நாள் உண்மையான பிழையால் சிவப்பு வரும்போதும் அதே பொத்தானைத்தான் அழுத்துவோம். பதிலை நம்ப முடியாத சுற்று, எவ்வளவு வேகமாக இருந்தாலும், சுற்றே இல்லாததற்குச் சமம். அதனால் நிலையில்லாத டெஸ்டைக் கண்ட அன்றே தனியாக ஒதுக்கிவைத்து, சரிசெய்த பிறகு மட்டும் திரும்பச் சேர்ப்பது நல்லது. ஒதுக்கியதை மறந்துவிடாமல் இருக்க அதற்கு ஒருவர் பெயரும் ஒரு தேதியும் போட்டுவைக்க வேண்டும்.

பிழை தேடுவது: ஒரு பிழையை அருகிலிருந்து பார்ப்போம்

ஒரு கணக்கு அறிக்கையில் மாதத்தின் கடைசி நாள் மட்டும் விடுபடுகிறது. இரண்டு மாதம் முன்பு வெளியான பதிப்பில் சரியாக இருந்தது. இடையில் 1,000 கமிட்கள், அதாவது கிட்டில் பதிவான 1,000 மாற்றங்கள். வழக்கமாக நாம் செய்வது, தேதி தொடர்பான கோடைத் தேடி எடுத்து வரிவரியாகப் படிப்பது. சில நேரம் பத்து நிமிடத்தில் பிடிபடும், சில நேரம் இரண்டு நாள் ஓடிவிடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் தொடங்கிய கிட்டில் இதற்கென்றே பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் என் பார்வையில் இன்னும் குறைவுதான். “இந்தக் கமிட் நல்லது, அந்தக் கமிட் கெட்டது” என்று இரண்டு முனைகளைச் சொல்லிவிட்டால், கிட் சரியாக நடுவிலுள்ள கமிட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அங்கே அறிக்கையை ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். நல்லது என்றால் பிழை பின்பாதியில், கெட்டது என்றால் முன்பாதியில். ஆயிரம் 500 ஆகும், 500 பாதியாகும், இப்படியே போனால் 10 படிகளில் ஒரே கமிட் மிஞ்சும். இரண்டைப் பத்து முறை பெருக்கினால் 1,024 என்பதுதான் காரணம்.

இதைக் கையால் செய்யவும் தேவையில்லை. அறிக்கையை ஓட்டிக் கடைசி நாள் இருக்கிறதா என்று பார்க்கும் நான்கு வரி ஸ்கிரிப்ட் எழுதி, பைசெக்ட் ரன் கட்டளையிடம் கொடுத்துவிடலாம். ஸ்கிரிப்ட் 0 என்று முடிந்தால் நல்லது, 1 என்று முடிந்தால் கெட்டது. அந்தக் கமிட் பில்டே ஆகவில்லை என்றால் 125 என்று முடிக்க வேண்டும். கிட் அதைத் தாண்டிப் பக்கத்துக் கமிட்டைப் பார்க்கும்.

முன்பு சொன்ன எல்லாம் இங்கே ஒன்றுகூடுகின்றன. பில்ட் 1 நிமிடம் என்றால் பத்துப் படியும் 10 நிமிடம். பில்ட் 15 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். டெஸ்ட் நிலையில்லாததாக இருந்தால் ஒரு தவறான பதிலிலேயே பைசெக்ட் வேறு திசைக்குப் போய், சம்பந்தமே இல்லாத ஒரு கமிட்டைக் கை காட்டும். கடைசியில் கிடைக்கும் கமிட் 8 வரி மாற்றம் என்றால், “சிறியது அல்லது சமம்” என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் “சிறியது” குறி இருப்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதுவே “இந்த வார வேலை” என்ற பெயரில் 2,000 வரிகள் என்றால், பைசெக்ட் நம்மைக் கொண்டுபோய் விடுவது காட்டின் வாசலில்தான். சின்னச் சின்னக் கமிட்களாக, ஒவ்வொன்றும் தனியே பில்ட் ஆகும்படி வைப்பது ஒழுக்கத்துக்காகச் சொல்லும் அறிவுரை மாதிரித் தெரியலாம். அதன் பலன் இந்த மாதிரி நாளில்தான் கைக்கு வரும்.

எடிட்டரும் கணினிச் சூழலும்

எந்த எடிட்டர் நல்லது என்ற சண்டைக்குள் போக வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2016-ல் எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்வதற்கான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டதிலிருந்து, அந்த வித்தியாசம் நிறையவே குறைந்துவிட்டது. முன்பு 10 மொழிகளுக்கும் 10 எடிட்டர்களுக்கும் தனித்தனியாக 100 இணைப்புகள் எழுத வேண்டும். இப்போது மொழிக்கு ஒன்று, எடிட்டருக்கு ஒன்று என்று 20 போதும். பெயர் மாற்றுவது, ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தாவுவது, எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று பட்டியலிடுவது, இந்த மூன்றையும் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிக்கொண்டால் எந்த எடிட்டரும் போதும்.

“என் கணினியில் ஓடுகிறதே” என்ற வாசகம் வரும் குழுக்களில் கவனிக்க வேண்டியது வேறு. லைப்ரரிகளின் துல்லியமான பதிப்புகளைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைலை கிட்டில் சேர்த்திருக்கிறார்களா? புதிதாகச் சேரும் ஒருவர் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ள முடிகிறதா? இல்லையென்றால் ஒவ்வொரு புதியவரும் ஒரு வாரத்தை இழக்கிறார், அவருக்கு உதவும் பழையவரின் நேரமும் கூடவே போகிறது.

மனிதர்களுக்காகக் காத்திருப்பது

பில்ட் 3 நிமிடத்திலிருந்து 20 விநாடிக்கு வந்துவிட்டது, ஆனால் ரிவ்யூவுக்கு மாற்றம் 4 நாள் கிடக்கிறது. பல குழுக்களின் உண்மை நிலை இதுதான். இங்கே வரிசைகளின் கணிதம் உதவும்.

ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு தொடர்பு லிட்டில் விதி எனப்படுகிறது: வரிசையில் சராசரியாக எத்தனை வேலைகள் இருக்கின்றனவோ, அதை ஒரு நாளைக்கு எத்தனை முடிகின்றன என்பதால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் கிடக்கும் என்பது கிடைக்கும். 12 மாற்றங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கின்றன, நாளைக்கு 3 முடிகின்றன என்றால் ஒவ்வொன்றும் சராசரியாக 4 நாள். யாரும் வேகமாகப் படிக்கத் தேவையில்லை. திறந்து கிடப்பவற்றை 6 ஆகக் குறைத்து, முடியும் வேகம் அப்படியே இருந்தால் 2 நாள் ஆகிவிடும். புது வேலையைத் தொடங்கும் முன் கிடப்பதை முடிப்பது என்ற பழக்கத்துக்கு இவ்வளவு பலன்.

அடுத்தது ஆட்களை எவ்வளவு நிரப்பி வைப்பது என்பது. வேலைகள் வரும் இடைவெளியும் அவற்றின் நீளமும் ஒழுங்கற்று இருக்கும் எளிய வரிசை மாதிரியில், ஒருவரின் நேரம் 50% நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை தன் முறைக்குச் சராசரியாக ஒரு வேலை முடியும் நேரம் காத்திருக்கும். 80% என்றால் 4 மடங்கு. 90% என்றால் 9 மடங்கு. எல்லோரையும் முழு நேரமும் வேலையில் வைத்திருக்க நினைக்கும் நிர்வாகம், எல்லா வேலைகளையும் வரிசையில் நிற்க வைக்கிறது. யாரோ ஒருவர் கொஞ்சம் ஓய்வாக இருப்பதால்தான் இன்னொருவரின் மாற்றம் அன்றே படிக்கப்படுகிறது.

மாற்றத்தின் அளவு இங்கேயும் வருகிறது. 40 வரியை ஒருவர் இரண்டு வேலைகளுக்கு நடுவில் கவனமாகப் படித்துவிடுவார். 1,500 வரிக்கு “நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்” என்றுதான் பதில் வரும். அப்படிப் பார்க்கும்போதும் மேலோட்டமாகத்தான் ஓட்டுவார்.

அந்த இரண்டு ஆய்வுகளும் ஏன் மோதவில்லை

இப்போது தொடக்கத்துக்குத் திரும்பலாம். புதிதாக ஒரு சின்ன சர்வர் எழுதும் வேலையில் கிட்டத்தட்ட எல்லா நேரமும் எழுதுவதிலேயே போகிறது. பழைய கோடு இல்லை, நீண்ட பில்ட் இல்லை, ரிவ்யூ இல்லை. எழுதும் பகுதியை வேகப்படுத்தும் கருவி அங்கே மொத்த வேலையையும் வேகப்படுத்தியது இயல்புதான்.

இரண்டாவது ஆய்வில் இருந்த புராஜெக்ட்கள் சராசரியாகப் பத்து லட்சம் வரிகளுக்கு மேல் கொண்டவை. எங்கே எதை மாற்ற வேண்டும் என்பது அந்த நிரலாளர்களுக்கு முன்பே தெரியும். எழுதுவது அவர்களுடைய வேலையில் சிறிய பகுதி. கருவி எழுதித் தந்ததில் 44 சதவீதத்துக்கும் குறைவாகவே அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கேள்வி எழுதுவது, பதில் வரும்வரை காத்திருப்பது, வந்ததைப் படித்துச் சரிபார்ப்பது, வேண்டாததைத் தள்ளுவது என்று சுற்றில் புது வேலைகள் சேர்ந்தன. ஆம்டால் விதி இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து வேலை செய்திருக்கிறது: குறைந்தது சின்னப் பகுதி, கூடியது பெரிய பகுதி. வேகமாகிவிட்டோம் என்று அவர்கள் நம்பியதற்குக் காரணம், விரல்களின் உழைப்பு குறைந்ததை நேர மிச்சமாக மனம் எடுத்துக்கொண்டதுதான் என்பது என் ஊகம்.

அந்த ஆய்வு 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளைப் பற்றியது. கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் இதிலிருந்து வரும் விளைவுகள் இரண்டு, கருவி எவ்வளவு வளர்ந்தாலும் பொருந்தும்.

1. எழுதுவது மலிவானால் மாற்றங்கள் பெருகும், ரிவ்யூ வரிசை நீளும். படிப்பவர்களின் எண்ணிக்கையும் நேரமும் அப்படியே இருந்தால் லிட்டில் விதியின்படி ஒவ்வொரு மாற்றமும் கிடக்கும் நாட்கள் கூடும்.

2. கருவி தானே டெஸ்ட் ஓட்டி, தோற்றால் தானே திருத்தும் முறைக்கு வந்திருக்கிறது. 20 விநாடியில் நம்பகமான பதில் தரும் டெஸ்ட்கள் உள்ள புராஜெக்டில் அது பல முறை முயன்று சரியானதைத் தொட முடியும். 40 நிமிடம் ஓடி, மூன்றில் இரண்டு முறை பொய்யாகத் தோற்கும் டெஸ்ட்கள் உள்ள இடத்தில் அதுவும் நம்மைப் போலவே திணறும்.

எங்கே தொடங்குவது

எழுதிய வரிகளின் எண்ணிக்கையை அளக்க வேண்டாம். 300 வரியை அழித்துப் பிழையைத் தீர்த்தவர் அந்தக் கணக்கில் சோம்பேறியாகத் தெரிவார். கமிட் எண்ணிக்கையும் அப்படித்தான். அளப்பது தெரிந்ததும் பெருகும். ஒரு மாற்றம் தொடங்கியதிலிருந்து பயனர் கைக்குப் போகும்வரை எத்தனை நாள் ஆகிறது என்பதை அளந்தால், காத்திருப்பு ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

தனி ஆளாகத் தொடங்க ஒரு வாரமும் ஒரு தாளும் போதும்.

1. 10 விநாடிக்கு மேல் எதற்காகக் காத்திருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள்: எதற்கு, எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்.

2. வாரக் கடைசியில் ஒரே மாதிரியானவற்றைக் கூட்டி, பெரியது மேலே வரும்படி அடுக்குங்கள்.

3. முதலில் இருப்பதை மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டாவதைத் தொட வேண்டாம். முதலாவது சரியானதும் இரண்டாவதின் அளவே மாறியிருக்கலாம்.

4. அடுத்த வாரம் மறுபடி எழுதுங்கள்.

முதல் வாரம் பெரும்பாலும் பில்டோ டெஸ்டோ மேலே இருக்கும், அதை நீங்களே தீர்த்துக்கொள்ள முடியும். சில வாரங்களில் அந்த இடத்துக்கு ரிவ்யூவோ, இன்னொரு குழுவின் ஒப்புதலோ வந்து நிற்கும். அப்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டு குழுவின் கூட்டத்துக்குப் போங்கள்.